சேர் தோமஸ் லிப்டனும் ஊவாத் தேயிலையும்

ஊவா மலைநாட்டிற் பிறந்து வளர்ந்த நம் கல்லூரி மாணவர் எவரும் சேர் தோமஸ் லிப்டன் என்னும் பெயரைக் கேளாதிருத்தல் அரிது. அப்புத்தளைக்கு மேலே, தம்பேத்தன்னத் தோட்டத்தின் உச்சியில், ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்திலுள்ள முகடு லிப்டன் ஆசனம் என்றே வழங்குகின்றது. விடுமுறை நாளில் அங்கு ஏறி, பனிமூட்டம் விலகும் வேளையில் ஐந்து மாகாணங்களின் காட்சியைக் கண்டு மீளாத மாணவர் நம்மிடையே சிலரே. ஆயினும், அவ்விடத்தே அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கினார் எனச் சொல்லப்படும் அம்மனிதர் எதனாற் புகழ் எய்தினார் என்று வினவினால், தேயிலையை இலங்கைக்கு முதன்முதல் கொண்டுவந்தவர் அவரே எனப் பலரும் விடையிறுப்பர். அவ்விடை பிழையானது. கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் வாணிக நோக்குடன் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்பார். லிப்டன் இத்தீவில் அடிவைத்தது 1890 ஆம் ஆண்டிலேயே. அவர் படைத்தது தேயிலைக்கு ஒரு பெயரை. அப்பெயரைப் பொதிமேற் பொறித்தும், சட்டப்படி பதிந்தும், ஆயுள் முழுவதும் கண்போற் காத்தும் வந்தமையே அவருடைய செல்வத்தின் ஆணிவேராயிற்று. வாணிகத் துறையிற் புகுந்துள்ள நம் பழைய மாணவர் பலர்க்கு இவ்வரலாறு பயன்படுமாதலின் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

லிப்டனின் பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த சிறு குடியானவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து, அந்நாட்டில் இலட்சக்கணக்கானோரை மாய்த்த கொடிய பஞ்சக் காலத்தில், அவர்கள் பிழைப்பு நாடிக் கடல் கடந்து ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்தை அடைந்தனர். நம் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளினின்றும் வரட்சிக்கும் வறுமைக்கும் அஞ்சி இம்மலைகளுக்கு வந்ததை எண்ணுவோர், பின்னாளில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்க்கு எசமானராக விளங்கிய இவரும் பஞ்சம் பிழைக்க வந்த குடியிற் பிறந்தவரே என்பதை அறியும்போது வியப்படைவர். வந்த குடியின் வழித்தோன்றல் எவ்வளவு உயரலாம் என்பதற்கு அவர் ஒரு சான்று. எல்லார்க்கும் அவ்வழி திறந்திருந்ததோ என்பது வேறு வினா. அதற்குப் பின்னர் வருவோம்.

அன்னார் பிறந்த ஆண்டைப் பற்றியே ஒரு மயக்கம் உண்டு. 1850 மே 10 என்று அவரே சொல்லிவந்தார். குடிசன மதிப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தோர் 1848 என்பர். ஸ்கொத்லாந்தில் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது 1855 இலாதலின், அவர் பிறப்பை நாட்டுவதற்கு அரசாங்கப் பத்திரம் இல்லை. உலகெங்கும் தம் பெயரைப் பதிவு செய்வித்த ஒருவர்க்குப் பிறப்புப் பதிவு இல்லாது போயிற்று. ஆயினும் அக்குறையால் அவர்க்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. இதனையும் வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

கிளாஸ்கோவில் கோர்பல்ஸ் என்னும் ஏழையர் பகுதியில் பெற்றோர் சிறு பலசரக்குக் கடையொன்றை நடத்தினர். வெண்ணெய், முட்டை, உப்பிட்ட பன்றியிறைச்சி முதலியன அயர்லாந்தினின்றும் வாரந்தோறும் கப்பலில் வரும்; சிறுவனாகிய தோமஸ் அவற்றைக் கைவண்டியில் ஏற்றிவந்து கடை சேர்ப்பான். உடன்பிறந்தோர் யாவரும் இளமையிலேயே மறைந்தமையால் தாயின் அன்பு முழுவதும் இவன்மேலாயிற்று. பதின்மூன்று வயதளவிற் பள்ளியை விட்டு, எழுதுபொருட் கடையில் ஏவலாளனாகவும், சட்டைத் துணி வெட்டும் இடத்தில் உதவியாளனாகவும், பின்னர்க் கப்பற் பணியாளனாகவும் இருந்து, சேர்த்த சிறு தொகையைக் கொண்டு 1865 அளவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான்.

அமெரிக்காவில் அவர் கழித்த ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே அவருடைய உண்மையான கல்விக்காலம். வர்ஜீனியாவிற் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெற்தோட்டத்திலும் உழைத்தார். ஈற்றில் நியூயோர்க் நகரத்துப் பெரிய கடையொன்றின் பலசரக்குப் பிரிவில் அமர்ந்தார். பொருளை விற்பதற்கு முன் பொருளின் பெயரை வாங்குவோர் மனத்தில் நாட்டுதல் வேண்டும் என்னும் அமெரிக்க வாணிக முறையை அங்கே கண்ணாரக் கண்டார். ஊர் திரும்பியபோது தாய்க்கென ஒரு சாய்ந்தாடு நாற்காலியும் ஒரு பீப்பாய் மாவும் கொண்டுவந்து, தெருவெல்லாம் காண வண்டியில் ஏற்றிச் சென்றார் என்பர். தாய்மேற் கொண்ட அன்பும் விளம்பரத்தின்மேற் கொண்ட விருப்பும் அவரிடத்தே இறுதிவரை பிரியாதிருந்தன.

1871 மே 10 ஆம் நாள், தம் பிறந்த நாளிலேயே, கிளாஸ்கோவில் ஸ்டொப்குரொஸ் வீதியில் தம் முதற் கடையைத் திறந்தார். சிறு கடை, ஆனால் விளக்கொளியும் தூய்மையும் மிக்கது. இடைத்தரகரை விலக்கிக் குடியானவரிடம் நேரே கொள்முதல் செய்தல், உடன் பணத்துக்கே விற்றல், விளம்பரத்துக்குத் தயங்காது செலவிடல் ஆகிய இம்மூன்றுமே அவர் கொள்கை. கொழுத்த பன்றிகளுக்கு நாடா கட்டி, லிப்டன் கடைக்குச் செல்கின்றோம் என்னும் பொருள்பட எழுதிய கொடியுடன் வீதிவலம் விட்டார். 1881 ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு அமெரிக்காவினின்றும் மாபெரும் பாற்கட்டி ஒன்றை வருவித்து, அதனுள் தங்க நாணயங்களைப் பொதித்து வெட்டி விற்றார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பொலிசார் வரவேண்டியதாயிற்று. ஒருமுறை பவுண் தாள் போலத் தோன்றும் விளம்பரத் தாள்களை அச்சிட்டு வழங்கினார். அவற்றைச் சிலர் மெய்யான பணமென மாற்ற முயன்றமையால் வழக்குகளும் எழுந்தன. பிறர் குறியைப் போலச் செய்தல் எத்துணைக் குழப்பத்தை விளைக்கும் என்பதை அவரே ஊர்க்கு உணர்த்தினார் எனலாம். அவர்க்கு அது வேடிக்கை, வங்கிகளுக்கு அன்று. 1890 ஐ அண்மிய காலத்தில் பிரித்தானியாவெங்கும் முந்நூறு வரையான கடைகள் அவர் பெயரில் நடந்தன.

நிற்க. தேயிலை அவர் கைக்கு வந்தது 1889 அளவில். அக்காலத்துத் தேயிலை வாணிகம் எவ்வாறிருந்தது என்பதை ஒரு சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் லிப்டன் செய்த புதுமை அதனாலேயே விளங்கும். கடைகளில் தேயிலை திறந்த பெட்டியிற் கிடக்கும். வாங்குவோன் கேட்ட அளவைக் கடைக்காரன் அள்ளி நிறுத்துத் தாளிற் சுற்றிக் கொடுப்பான். அது எந்நாட்டுத் தேயிலை, எப்போது வந்தது, அதனுடன் வேறு இலை கலந்துளதா, தூசி எவ்வளவு, நிறை சரியா என்பன ஒன்றும் வாங்குவோன் அறியான். பிழை நேர்ந்தால் யாரைக் குற்றங்கூறுவது? பொருளுக்குப் பெயரில்லை, பெயரில்லாத பொருளுக்குப் பொறுப்பாளியும் இல்லை.

லிப்டன் தேயிலையை ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என அளவிட்டு, மூடி முத்திரையிட்ட வண்ணப் பொதிகளில் விற்றார். பொதியின்மேல் நிறையும் தரமும் தம் பெயரும் பொறித்தார். ஒவ்வோர் ஊரின் தண்ணீருக்கும் ஏற்பத் தேயிலையைக் கலந்து விற்றதாகவும் கூறுவர். இறாத்தல் மூன்று ஷில்லிங் வரை விற்ற பொருளை ஒரு ஷில்லிங்கு ஏழு பென்சுக்குக் கொடுத்தார். ஏழைத் தொழிலாளியின் வீட்டிலும் தேநீர் கொதித்தது. தேயிலையைப் பொதியில் அடைத்தவர் அவர்க்கு முன்னரும் உண்டு; ஆயின் பெயரையும் விலையையும் நிறையையும் ஒருங்கே கட்டிப் பொதியையே உறுதிமொழியாக ஆக்கியதில் அவரை வென்றார் இலர்.

வியாபாரக் குறி என்பது நமக்குப் புதிய செய்தியன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திற் பண்டப் பொதிகள்மேற் சோழனின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறும். உடையவர் பெயரும் அளவும் காட்டும் எழுத்துப் பொதிமேல் இருந்ததைச் சிலப்பதிகாரம் கண்ணெழுத்து என்னும் அழகிய சொல்லாற் குறிக்கும். ஆயினும் அக்குறியைத் தனியொருவரின் உடைமையாகக் கொண்டு, அரசாங்கப் பேரேட்டிற் பதிந்து, பிறர் எடுத்தாளின் நீதிமன்றம் சென்று தடுக்கும் முறை அண்மைக் காலத்ததே. இங்கிலாந்தில் 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வியாபாரக் குறிப் பேரேடு அமைந்து, 1876 சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டது. முதற் பதிவு பாஸ் என்னும் மது உற்பத்தியாளரின் செம்முக்கோணம். லிப்டன் தேயிலைக்கு வருமுன்னரே இச்சட்டம் வேரூன்றியிருந்தது. இலங்கையிலும் 1888 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க வியாபாரக் குறிகள் கட்டளைச் சட்டம் அவர் வருகைக்கு இரண்டாண்டு முன்னரே இயற்றப்பட்டிருந்தது. அக்காலத்து ஆங்கிலச் சட்டம் வெறும் பெயரை எளிதிற் குறியாக ஏற்பதில்லை. தனித்த வடிவில் எழுதப்பெற்ற பெயராகவோ கையொப்பமாகவோ இருத்தல் வேண்டும். லிப்டனின் பொதிகளிலும் தகரப் பேழைகளிலும் அவர் கையொப்பம் காணப்படுவதன் பொருத்தம் இதனால் விளங்கும். கையொப்பம் ஒருவனுக்கே உரியது. அதனைப் போலச் செய்வோன் கள்ளன் என்பதை எழுத்தறியாதவனும் அறிவான்.

இனி அவர் ஊவாவுக்கு வந்த செய்தி. இம்மலைகளிற் செழித்திருந்த கோப்பித் தோட்டங்களை 1869 இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் இருபதாண்டுகளில் அழித்தது. துரைமார் பலர் கடனாளிகளாயினர். தோட்டங்கள் மிகக் குறைந்த விலைக்கு வந்தன. தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்த துயரிலிருந்த லிப்டன், அவுஸ்திரேலியாவுக்கு ஓய்வுப் பயணம் போவதாகச் சொல்லி 1890 இற் புறப்பட்டு, ஓசையின்றிக் கொழும்பில் இறங்கினார். அப்போது புகையிரதப் பாதை நானுஓயாவோடு நின்றது. அப்புத்தளைக்கு அது வந்தது 1893 இலும், பதுளைக்கு வந்தது 1924 இலுமாகும். எனவே நானுஓயாவுக்கு அப்பால் மலைவழியேதான் செல்லவேண்டியிருந்தது. தம்பேத்தன்ன, லேமஸ்தோட்ட, மொனராகந்த முதலிய தோட்டங்களை அவர் வாங்கினார். தம்பேத்தன்னத் தொழிற்சாலை 1890 இல் எழுந்தது. செங்குத்தான சரிவுகளிற் கொய்த கொழுந்தைத் தலைச்சுமையாக இறக்குவதற்கு மாற்றாகக் கம்பிவழிகளை அமைத்து, சாக்குகளைத் தொழிற்சாலைக்கு இறக்குவித்தார்.

தோட்டத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தோரின் பிள்ளைகளாகிய நம் மாணவர் சிரோக்கோ என்னும் சொல்லை அறிவர். தேயிலை உலர்த்தும் அவ்வியந்திரம் பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் என்பாரின் ஆக்கம். ஆக்கவுரிமை பெற்ற கருவி குறித்த ஆண்டுகள் கழிந்தபின் யாவர்க்கும் பொதுவாகும். வியாபாரக் குறியோ முறைப்படி புதுப்பிக்கப்படும் வரை உடையவர்க்கே உரியது. கருவியைக் கண்டவர்க்குச் சட்டம் தரும் காலம் குறுகியது. பெயரைக் காப்பவர்க்குத் தரும் காலத்துக்கு எல்லையில்லை. லிப்டன் எதனையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் அவர் பெயர் டேவிட்சன் பெயரினும் ஆயிரம் மடங்கு பரவியது. இலங்கைத் தேயிலைக்குத் தந்தையென மதிக்கப்படும் டெய்லரோ, தாம் நாற்பதாண்டு உழைத்த தோட்டத்தின் உரிமையாளரால் விலக்கப்பட்ட நிலையில், 1892 இல் லூல்கந்துரையிலேயே உயிர்நீத்தார்.

தோட்டத்தினின்றும் நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்னும் கருத்தை லிப்டன் தம் விளம்பர வாசகமாகக் கொண்டார். இவ்வாசகம் முற்றும் மெய்யன்று என்பதைச் சொல்லாது விடல் வரலாறாகாது. அவர் விற்ற தேயிலையிற் சிறுபகுதியே அவருடைய தோட்டங்களில் விளைந்தது. பெரும்பகுதி மற்றத் துரைமாரின் தோட்டங்களில் விளைந்து, இலண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் வாங்கப்பட்டது. இலங்கைத் தோட்டக்காரர் சிலர் இதனைக் கண்டித்ததுமுண்டு. ஊவாவின் மலையும் காற்றும் மணமும் அவர் பொதியின்மேல் ஏறிப் பொதியினுள் இருந்த எல்லாத் தேயிலைக்கும் சான்று பகர்ந்தன. ஊவா என்னும் பெயர் யாருடைய உடைமை என்று அக்காலத்தில் எவரும் வினவவில்லை.

அவருடைய விளம்பரப் படங்களில் தலையிற் கூடை தாங்கிய தமிழ்ப் பெண்ணொருத்தியின் உருவம் பலகாலம் இடம்பெற்றது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அவ்வுருவைக் கண்டோர் பலர். அவள் பெயரைக் கேட்டோர் எவருமிலர். தோட்டத்தில் அவளுக்குப் பெயர் இருந்தது. செக்ரோலில் இருந்தது. ஆனால் தோட்டத் தமிழில் பேர் என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பதை நகரத்து வாசகர் சிலர் அறியார். நாள் முழுதும் உழைத்து, குறித்த நிறைக் கொழுந்தைக் கொடுத்தவளுக்கு ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். அஃதாவது, அரைநாட் சம்பளம். பேர் என்பது ஒருவருடைய அடையாளம் என்று நாம் இலக்கணம் கற்பிக்கின்றோம். மலையிலோ அஃது அன்றன்று சம்பாதித்து அன்றன்று முடிகின்ற கணக்கு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமெனில் கடன்தொகை எழுதிய துண்டு வேண்டும். 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அத்துண்டே தொழிலாளியின் பத்திரம். ஒரே மலையில், ஒரே செடியில், ஒருவர் பெயர் ஆண்டுதோறும் மதிப்பு ஏறிற்று. மற்றவர் பேர் மாலைதோறும் செக்ரோலில் அடைபட்டது. இதனை லிப்டன் ஒருவரின் குற்றமாக நாம் கூறவில்லை. அக்காலத்துத் தோட்ட முறை அது. அவர் அதனை மாற்ற முனைந்தவருமல்லர்.

1898 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இருவகையாற் சிறந்தது. அவ்வாண்டில் விக்டோரியா மகாராணியார் அவர்க்குச் சேர் பட்டம் அளித்தார். 1902 இற் பரம்பரைப் பட்டமாகிய பரோனெற் பட்டமும் பின்வந்தது. அவ்வாண்டிலேயே தம் வாணிகத்தை லிப்டன் லிமிற்றெட் என்னும் வரையறுத்த கம்பனியாகப் பதிந்தார். முதலாக அறிவிக்கப்பட்ட தொகை 25 இலட்சம் பவுண்; பங்குகளை வாங்க மக்கள் முண்டியடித்தனர். இவ்விடத்திற் பதிவினால் விளைவது யாதென ஒரு சிறிது கூறுவோம். தனியொருவர் நடத்தும் கடையில் கடைக்கும் உடையவர்க்கும் வேறுபாடில்லை. கடையின் கடன் அவர் வீட்டையும் தேடிவரும். கம்பனியாகப் பதிந்தபின் கம்பனி வேறோர் ஆளாகிவிடும். உடையவர் இறந்தாலும் அது இறவாது. பங்காளர் தாம் இட்ட பங்கின் அளவுக்கே பொறுப்பாளி. ஆனால் மற்றொன்றும் நேரும். கம்பனிக்குக் கொடுத்த பெயர் பின்னர்க் கொடுத்தவர்க்கு உரியதன்று. லிப்டன் இதனை நன்கறிந்தவர். ஆதலால் அமெரிக்க வாணிகத்தைப் பிரித்தானியக் கம்பனியிற் சேர்க்காது தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அதனால் ஒரே பெயர்க்கு அட்லாந்திக் சமுத்திரத்தின் இரு கரையிலும் இருவேறு உடையவர் உண்டாயினர்.

அவருடைய கொடைகளும் விளையாட்டும் யாவரும் அறிந்தவையாதலின் அவற்றை விரியாது செல்கின்றோம். 1897 இல் மகாராணியாரின் வைரவிழாவை முன்னிட்டு இலண்டன் ஏழைகளுக்கு உணவளிக்க 25,000 பவுணும், பின்னர் ஏழைகளுக்கு மலிவான உணவுச்சாலை அமைக்க 100,000 பவுணும் வழங்கினார். ஷம்ரொக் என்று பெயரிட்ட பாய்க்கப்பல்களுடன் அமெரிக்கக் கிண்ணப் போட்டியில் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து முறையும் கலந்து ஐந்து முறையும் தோற்றார். தோற்றபோதெல்லாம் முகம் மலர்ந்து வென்றவரைப் பாராட்டியமையால் அமெரிக்க மக்கள் பணம் திரட்டி அவர்க்குப் பொற்கிண்ணம் ஒன்று பரிசளித்தனர். அத்தோல்விகளால் அமெரிக்காவில் அவர் தேயிலை விற்பனை குறையவில்லை என்று மட்டும் சொல்லி அமைவோம்.

பெயரே முதலானவர்க்குப் பெயர்க்கேடே பெருநட்டம். 1914 இல் இராணுவ உணவுச்சாலை ஒப்பந்தங்களைப் பெறுவதற்காகக் கம்பனி அலுவலர் சிலர் படையதிகாரிகளுக்குக் கையூட்டு அளித்தமை நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. லிப்டன்மேற் குற்றம் சாட்டப்படவில்லை. எனினும் செய்தித்தாள்களில் வந்தது அவர் பெயரே. கம்பனி தளர்ந்தது; பங்காளர் முறையிட்டனர்; தலைமைப் பதவியை விட்டார்; 1927 இல் தம் பங்குகளையும் விற்றார். தம் பெயர் தாங்கிய கடைகளின் வாயிலில் அவர் வேற்றாளானார்.

1931 அக்டோபர் 2 ஆம் நாள் இலண்டனுக்கு அண்மையிலிருந்த தம் இல்லத்தில் இயற்கை எய்தினார். மணம் புரியாதவர், உறவினர் இலர். செல்வத்திற் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகரத்து மருத்துவமனைகளுக்கும் ஏழைகளுக்கும் எழுதிவைத்தார். தாய் தந்தையரின் அருகில், அவர் பிறந்த கோர்பல்ஸ் பகுதியின் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். விருப்பாவணத்தில் கிளாஸ்கோ ஏழை நினைக்கப்பட்டான். ஊவாத் தோட்டத்து லயன்களில் வாழ்ந்தோர்க்கு அத்தகைய பெரும்பங்கு ஒன்றும் வரவில்லை.

மனிதர் மறைந்தபின் பெயர் தனியே பயணம் செய்தது. அமெரிக்க வாணிகத்தை 1930 களின் பிற்பகுதியில் யுனிலீவர் நிறுவனம் வாங்கியது. பிரித்தானியப் பகுதியையும் 1972 இற் பெற்று, பிரிந்திருந்த பெயரை ஒன்றாக்கியது. 2022 இல் அதன் தேயிலைப் பிரிவின் பெரும்பகுதி, இந்தியா முதலிய சில நாடுகள் நீங்கலாக, சிவிசி என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உடன்பட்ட விலை 450 கோடி யூரோ. அவ்விலையில் எத்துணைப் பங்கு பெயரின் விலையோ!

இலங்கையில் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டம் வந்தது, தொழிற்சாலை வந்தது, லயன்களும் வந்தன. பெயர் வரவில்லை. நிலத்தை அரசாங்கம் எடுக்கலாம். வேற்று நாட்டுப் பேரேட்டிற் பதிந்த குறியை எடுத்தல் இயலாது. நூறாண்டு விளைந்த புகழ் முழுவதும் கப்பலேறிய பின்னரே நிலம் நம் நாட்டுக்கு மீண்டது.

தொழிலாளரின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குப் பத்திரம் கேட்டது. தோட்டத்துப் பிறப்புகள் பல பதியப்படாதிருந்தமையால் பத்திரம் காட்ட முடியாதோர் நாடற்றவராயினர். லிப்டனுக்கும் பிறப்புப் பத்திரம் இல்லை என மேலே கூறினோம். அவரை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோரின் குறை தீர்க்க வந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க, இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம். அவ்வாண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் புலமைச் சொத்துச் சட்டம். மனிதரின் பெயரைப் பதிவதற்கு வழிசெய்த சட்டமும், பொருளின் பெயரைப் பதிவதற்கு வழிசெய்த சட்டமும் ஏட்டில் அடுத்தடுத்த பக்கத்தில் உள்ளன. பொருளுக்கு முதற் சட்டம் வந்தது 1888 இல் என்பதையும் உடன் எண்ணுக.

ஊவா என்னும் பெயர்க்கு இப்போது காவல் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் மலையிடைவெளி வழியே வீசும் வரண்ட கச்சான் காற்றில் தேயிலைச் செடி தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள முயலும்போது கொழுந்திற் பிறக்கும் அந்தத் தனி மணம் வேறெங்கும் இல்லை. ஏலத்தில் வாங்குவோர் அப்பருவத்துக்கென்றே காத்திருப்பர். இலங்கைத் தேயிலைச் சபை ஊவா உள்ளிட்ட பிரதேசங்களுக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்துள்ளது. அதன் சிங்கக் குறி, முழுவதும் இலங்கைத் தேயிலையாகி இந்நாட்டிலேயே பொதி செய்யப்பட்டதற்கே வழங்கப்படுவது. இந்தியாவில் டார்ஜிலிங் தேயிலை 2004 இலேயே புவியியல் குறியீடாகப் பதியப்பட்டது. இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய பதிவைப் பெற்றது. அவ்வாண்டிலேயே நம் புலமைச் சொத்துச் சட்டமும் புவியியல் குறியீடுகளுக்குப் பேரேடு அமைக்குமாறு திருத்தப்பட்டது. இத்தகைய குறி ஒருவர்க்கு உரியதன்று. அம்மண்ணில் விளைவிப்போர் அனைவர்க்கும் உரியது. தோட்டத்தின் சிறு துண்டு நிலத்தில் தேயிலை நட்டிருக்கும் நம் பழைய மாணவர்க்கும் அதிற் பங்குண்டு.

பதுளைக் கடைவீதியிலும் பண்டாரவளையிலும் தேயிலைப் பொதி, மிளகாய்த்தூள், இனிப்பு முதலியன செய்து விற்கும் நம் பழைய மாணவர் பலர் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கக் காண்கின்றோம். நன்று, 1918 ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் முதல் வந்த முறை அது, இன்று பிரதேச செயலகத்தின் வழியே பெறுவது. அஃது இக்கடையை நடத்துபவர் இன்னார் என்று ஊர்க்கு அறிவிக்கும் அளவே. பொதிமேலுள்ள பெயரை இன்னொருவர் எடுத்தாளாது தடுக்கும் வலிமை அச்சான்றிதழுக்கு இல்லை. 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி கம்பனியாகப் பதிந்தாலும் அவ்வாறே. பொதிப் பெயரைக் காக்க வேண்டுவோர் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், பண்டத்தின் வகுப்பைக் குறித்து, வியாபாரக் குறியாக வேறாகப் பதிதல் வேண்டும். அதற்கு முன், அப்பெயரையோ அதனை ஒத்ததையோ பிறர் பதிந்துள்ளனரா என்று பேரேட்டில் தேடுவித்தல் வேண்டும். அச்சகத்துக்குப் பத்தாயிரம் உறை அடிக்கக் கொடுத்துவிட்டுத் தேடுதல் முறையன்று. பதிவின் ஆயுள் பத்தாண்டு. தவறாது புதுப்பித்து வந்தால் மேலும் மேலும் பத்தாண்டு.